அஷ்டமி பார்த்துப் படகேறுங்கள்: பினாங்கில் மூழ்கிய கப்பல் மேல் தூண்டில் போடப் புதிதாகப் போகிறவர்களுக்கு

அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கடலடியில் கிடக்கும் கப்பலின் மேல் தூண்டில் போடப் போகிறவருக்கோ மாதத்தில் அவைதான் நல்ல நாள்கள். சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் முதல்முறை ஆழ்கடலுக்குப் போய், "ஈயக்குண்டு கீழேயே போகல, ஒண்ணுமே கடிக்கல" என்று முகம் தொங்கத் திரும்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நல்ல ரீல் வாங்கியிருப்பார்கள், லீவு எடுத்திருப்பார்கள், நாள்காட்டியை மட்டும் பார்த்திருக்கமாட்டார்கள்.

குளத்திலோ ஜெட்டியிலோ தூண்டில் போட்டுக் கொஞ்சம் பழகிவிட்டு, அடுத்து படகேறலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பினாங்குத் தீவு, பட்டர்வொர்த், நிபோங் திபால், சுங்கை பட்டாணி பக்கம் இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

ஈட்டி வேண்டாமா?

இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மூச்சடக்கி மூழ்கி, ஈட்டித் துப்பாக்கியால் பெரிய களவாவைக் குத்தித் தூக்கிவரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நம் பக்கம் இதைச் செய்யலாமா என்கிறார்கள். பினாங்குக் கடலில் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

காரணம் தண்ணீர். மூடா ஆறும் பிறை ஆறும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் ஒரு பக்கம், நீரோட்டம் கிளப்பிவிடும் அடிச்சேறு இன்னொரு பக்கம். பல நாள்களில் மூழ்குகிறவருக்குத் தன் காலில் மாட்டிய துடுப்பே மங்கலாகத்தான் தெரியும். குறி வைப்பது இருக்கட்டும், கூட வந்தவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. வெளிக்கடலில் கப்பல்கள் கிடக்கும் ஆழமோ 30, 40 மீட்டர், சில அதற்கும் மேல். மூச்சடக்கி மூழ்கப் பழகும் புதியவருக்கு 10 மீட்டரே பெரிய விஷயம். மேலே வரும் வழியில், அதுவும் கடைசிச் சில மீட்டரில், மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்து நினைவு தப்பும் அபாயம் எப்போதும் உண்டு. கூட ஒருவர் மேலே இருந்தபடி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் பிழைப்பு. கலங்கல் தண்ணீரில் அவர் எதைப் பார்ப்பார்? போதாததற்குக் கப்பலைச் சுற்றிக் கிழிந்த வலைகளும் அறுந்த நூல்களும் தொங்கும்.

கொஞ்சம் தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் பினாங்குக்கும் லங்காவிக்கும் இடையே பாயார் தீவு இருக்கிறது. ஆனால் அது கடல் பூங்கா. தீவைச் சுற்றி 2 கடல் மைல் வரை மீன் பிடிக்கவே கூடாது. ஈட்டி, தூண்டில், வலை எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம். ஆகவே மூழ்கும் ஆசை இருப்பவர்கள் அதற்கென்று முறையாகப் பயிற்சி எடுத்து, மீனைப் பார்த்துவிட்டு வாருங்கள். கப்பலடி மீன் சட்டியில் வேண்டுமென்றால் படகின் மேல் உட்கார்ந்து நூலை இறக்குங்கள்.

கீழே கிடப்பது என்ன

பினாங்குக்கு மேற்கே கடலடி பெரும்பாலும் சேறும் மணலும் கலந்த சமதரை. மீன் ஒதுங்க இடமில்லாத அந்தத் தரையில் ஒரு இழுவைப்படகோ சரக்குத் தோணியோ மூழ்கிவிட்டால் போதும். இரும்பில் சிப்பியும் பாசியும் ஒட்டும், சிறுமீன் வரும், அதைத் தின்னப் பெரியது வரும். நீரோட்டம் கப்பலின் பக்கவாட்டில் மோதி மேலே எழும்பும் இடத்தில் செலார், தம்பான் போன்ற சிறுமீன்கள் கூட்டமாக நிற்கும். இரும்புக்கடியில் இருட்டில் கெராப்புவும் (களவா) ஜெனாஹாக்கும் காத்திருக்கும். மேல்மட்டத்தில் தெங்கிரி (வஞ்சிரம்), தாலாங், பாறை மீன் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த மூன்று அடுக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த ஆழத்தில் எதைப் போடுவது என்பதில் பாதி விளங்கிவிடும்.

படகில் அடிக்கடி காதில் விழும் வேறு இரண்டு சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள். துக்குன் என்பது மீன் சேரட்டும் என்று வேண்டுமென்றே கடலில் இறக்கிய செயற்கைப் பாறை: பழைய டயர், கான்கிரீட் கட்டை. உஞ்சாம் என்பது மீனவர்கள் கயிற்றில் தென்னை ஓலை கட்டி நட்டுவைக்கும் மீன்கூட்டி. உஞ்சாம் ஒருவர் பாடுபட்டுப் போட்டது; அவருடைய அனுமதி தெக்கோங்குக்கு இருந்தால் மட்டுமே அங்கே நிறுத்துவார். தெக்கோங் என்றால் படகை ஓட்டி, இடம் காட்டுகிறவர்.

பெயர் பெற்ற கப்பல்களும் இந்தக் கடலில் உண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னை மீது குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியற்காலையில் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது; வெளியேறும் வழியில் முஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் தீர்த்துவிட்டுப் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் போர்க்கப்பல் குமா 1944 ஜனவரியில் பினாங்குக்கு வடமேற்கே ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கியால் மூழ்கியது. இன்னொரு ஜப்பானியப் போர்க்கப்பலான ஹகுரோ 1945 மே 16 அன்று, ஐந்து பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சூழ்ந்து தாக்கியதில் பினாங்குக்குத் தென்மேற்கே மூழ்கியது. அது கிடக்கும் ஆழம் 60 மீட்டருக்கும் மேல். இவற்றின் மேல் தூண்டில் போட எனக்கு மனமில்லை. உள்ளே இறந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆழமும் புதியவர்களுக்கானதில்லை. உங்கள் தெக்கோங்கின் ஜிபிஎஸ்ஸில் பெயரில்லாத சின்னக் கப்பல்களே போதுமான அளவு இருக்கும்.

தேதி குறிப்பது

சரி, அஷ்டமிக்கு வருவோம். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நிற்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலின் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். நிறையத் தண்ணீர் ஆறு மணி நேரத்துக்குள் வந்து போகவேண்டியிருப்பதால் ஓட்டம் கடுமையாகும். அரை நிலவு நாளில் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே இழுப்பதால் ஏற்ற இறக்கம் சுருங்கி, ஓட்டம் தணியும். அரை நிலவு அஷ்டமியில் வரும். கடல் ஓரிரு நாள் தாமதமாகத்தான் அதற்கு இசையும். ஆகவே அஷ்டமி, நவமி, தசமி. வளர்பிறையில் ஒருமுறை, தேய்பிறையில் ஒருமுறை. சமையலறைச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் திதி போட்டிருக்கும், அதுவே போதும்.

தெக்கோங் மலாய்க்காரராக இருந்தால் "ஹரி புலான்" கணக்கில் பேசுவார். எட்டு, ஒன்பது என்பார், அல்லது இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்பார். சீனர் தன் நாள்காட்டியைக் காட்டுவார். பினாங்கில் நாள்காட்டிகள்தான் வேறு, நிலவு ஒன்று. உங்கள் திதியும் அவர் சொல்லும் நாளும் ஒரு நாள் முன்பின்னாகத்தான் இருக்கும்.

ஓட்டம் தணிந்த நாள் ஏன் வேண்டும்? 40 மீட்டர் ஆழத்தில் கப்பல் என்பது சின்ன இலக்கு. ஓட்டம் கடுமையாக இருந்தால் 300 கிராம் ஈயக்குண்டுகூடச் சாய்ந்தபடியே இழுபட்டு, கப்பலைத் தாண்டி வெறும் சேற்றில் போய் விழும். பழகியவர்கள் குண்டைக் கூட்டி, மெல்லிய நூல் போட்டுச் சமாளிப்பார்கள். நீங்கள் பக்கத்தில் இருப்பவரின் நூலோடு சிக்கிக்கொண்டே பொழுதைக் கழிப்பீர்கள். ஆனால் தண்ணீர் முழுக்க நின்றுவிட்டாலும் மீன் வாயைத் திறக்காது. ஏற்றம் இறக்கமாகத் திரும்புவதற்குச் சற்று முன்னும், திரும்பி மெல்ல நகரத் தொடங்கும்போதும்தான் கடி. எந்த நேரத்தில் திரும்பும் என்பதற்கு ஓத அட்டவணை இருக்கிறது, கைப்பேசிச் செயலிகளும் உண்டு. அட்டவணையில் உயர்ந்த மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். எண் சிறிதாக இருந்தால் ஓட்டமும் குறைவு.

திதி ஒன்று, பருவம் இன்னொன்று. நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை அடித்துத் துவைக்கும். நடுவில் மலைத்தொடர் இருப்பதால் பினாங்குப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். முதல் பயணத்துக்கு அந்த மாதங்களே சிறந்தவை. சிக்கல் என்னவென்றால் அதே நேரத்தில் நம்மவர்களில் பாதிப் பேர் தைப்பூச விரதத்தில் இருப்பார்கள். பூசமும் பௌர்ணமியை ஒட்டி வருவதால் அந்த வாரம் எப்படியும் கடலுக்கு ஆகாது; பூசம் முடிந்து வரும் அஷ்டமிக்குத் திட்டம் போட்டால் ஆளும் கிடைக்கும், கடலும் ஒத்துழைக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் விடியலுக்கு முன் சுமாத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயற்காற்று ஒன்று வரிசையாகக் கிளம்பி வரும். பின்னிரவில் கடலில் இருப்பவர்களுக்கு அது பெரிய சோதனை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலை இடி. புரட்டாசியில் மீனே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள், நல்லதுதான்.

கிளம்புவதற்கு முதல் நாள் மலேசிய வானிலைத் துறையின் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். அலை ஒரு மீட்டருக்கு மேல் என்று இருந்தால் புதியவர் தள்ளிப்போடுவது உத்தமம். முன்பணம் போனாலும் போகட்டும்.

படகும் ஆளும்

தெலுக் பஹாங், பத்து மாவுங், பட்டர்வொர்த், வடக்கே கோல மூடா என்று பல இடங்களிலிருந்து படகுகள் போகின்றன. எந்த ஜெட்டி என்பது முக்கியமில்லை, எந்தத் தெக்கோங் என்பதுதான் முக்கியம். தூண்டில் சாமான் கடையில் விசாரியுங்கள். யார் மீன் காட்டுகிறார், யார் கதை மட்டும் சொல்கிறார் என்று கடைக்காரருக்குத் தெரியும். மீன் நிறைந்த படங்களை அனுப்புகிறவரைவிட, "இந்தத் தேதி வேண்டாம் தம்பி, ஆறு நாள் கழிச்சு வா" என்று சொல்கிறவரை நம்புங்கள்.

பேசும்போது இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்: படகுக்கு உரிமம் இருக்கிறதா, அதில் எத்தனை பேர் ஏறலாம் என்று போட்டிருக்கிறது, ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை உண்டா, வானொலித் தொடர்பு வேலை செய்கிறதா, ஐஸும் இரையும் சாப்பாடும் கட்டணத்தில் சேர்த்தியா, காற்று எழுந்து பாதியில் திரும்பினால் பணம் என்னாகும். கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர் நல்ல தெக்கோங். கப்பலுக்குப் போகும் வழியும் தூரமும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவைக்கு விடியலில் கிளம்பி மாலையில் திரும்பும் பயணம் போதும். இரவு தங்கும் பயணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தெக்கோங் பெரியவராக இருந்தால் "பாக் சிக்" என்று கூப்பிடுங்கள், வயதில் நெருங்கியவரென்றால் "பாங்". நம்மவராக இருந்தால் "அண்ணே". யாராக இருந்தாலும் படகில் அவர் சொல்தான் சட்டம். "நாயிக்" என்று கத்தினால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் நூலைச் சுருட்டவேண்டும்.

மைகார்டு கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படை நிறுத்திப் பார்க்கும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், படகின் பதிவெண் என்ன என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். குறித்த நேரத்தைத் தாண்டிப் பல மணி ஆகியும் தகவல் இல்லை என்றால் 999ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

என்ன வாங்குவது, எதை வாங்கக்கூடாது

முதல் பயணத்துக்கு வாடகைக்கோ கடனுக்கோ கிடைத்தால் வாங்கவே வேண்டாம். வாங்குவதென்றால் ஆறடிக்குச் சற்று மேற்பட்ட உறுதியான படகுத் தூண்டில் கோல் ஒன்று, அதற்கேற்ற 5000 அல்லது 6000 அளவு ரீல், 30 முதல் 40 பவுண்டு பின்னல் நூல் குறைந்தது 200 மீட்டர். பின்னல் நூல் மெல்லியது என்பதால் ஓட்டம் அதை அதிகம் தள்ளாது. கீழே இரும்பில் உரசும் கடைசிப் பகுதிக்கு மட்டும் 60 பவுண்டு நைலான் பெரம்புட், அதாவது கொக்கியை ஒட்டிய தடித்த நூல், போடவேண்டும். பின்னல் நூல் துருப்பிடித்த தகட்டில் பட்டதும் அறுந்துவிடும்.

கட்டும் முறையில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஈயக்குண்டை எல்லாவற்றுக்கும் கீழே, 15 அல்லது 20 பவுண்டு மெல்லிய நூலில் கட்டுங்கள். கொக்கி அதற்கு ஒரு முழம் மேலே பக்கவாட்டில் கிளையாக இருக்கட்டும். குண்டு கப்பலில் மாட்டினால் அந்த மெல்லிய நூல் மட்டும் அறுந்து குண்டு போகும். கொக்கியும், சில சமயம் அதிலிருக்கும் மீனும் மேலே வந்துவிடும். கப்பல் மேல் தூண்டில் போடுகிறவர் குண்டுக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது. 150 முதல் 300 கிராம் வரை கலந்து ஒரு பை நிறையக் கொண்டுபோங்கள்.

கொக்கியில் வட்டக் கொக்கியை வாங்குங்கள். கடித்ததும் வெட்டி இழுக்கவேண்டாம், சுருட்ட ஆரம்பித்தாலே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். புதியவருக்கு இது பெரிய நிம்மதி. இரை பிடிக்க இறகு கட்டிய சின்னக் கொக்கிகள் வரிசையாக உள்ள அபொல்லோ ஒன்றிரண்டு போதும். பளபளக்கும் ஜிக் இரும்பு மீன்கள் கடைச் சுவர் முழுக்கத் தொங்கும், ஆசை காட்டும். இரண்டு மட்டும் எடுங்கள், 80 கிராமும் 120 கிராமும். மற்றது கடைக்காரரின் மகள் கல்யாணத்துக்கு.

இவற்றோடு நீண்ட மூக்குக் குறடு, கத்தி, கையுறை, நீண்ட கைச்சட்டை, தொப்பி, தண்ணீர் பாட்டில்கள். ஐஸ் தோங் (பெட்டி) படகில் இருக்கும். வீட்டுக்கு எடுத்துவர உங்கள் சொந்தத் தோங் காரில் இருக்கட்டும்.

வயிறு

கடல் மயக்கம் வராது என்று சவால் விடுகிறவர்தான் முதலில் ஓரம் தேடுவார். மருந்துக்கடையில் பார்மசிஸ்டிடம் கேட்டு மாத்திரை வாங்கி, அவர் சொன்ன நேரத்தில் போடுங்கள். படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், திரும்பும்போது காரை யார் ஓட்டுவது என்பதையும் பேசி வையுங்கள். முதல் நாள் இரவு நாசி கண்டார் வேண்டாம். காலையில் இரண்டு இட்லி, சட்னி இல்லாமல். படகில் டீசல் புகை வரும் பின்பக்கத்தைத் தவிருங்கள், கைப்பேசியைக் குனிந்து பார்க்காதீர்கள், தொடுவானத்தைப் பாருங்கள். வாந்தி வந்தால் வெட்கப்படவேண்டாம், காற்று போகும் பக்கம் மட்டும் பார்த்துக் குனியுங்கள்.

கப்பலின் மேல்

போகும் வழியில் தெக்கோங் ஓர் உஞ்சாமில் நிறுத்தி இரை பிடிக்கச் சொல்வார். அபொல்லோவை இறக்கி மெல்ல ஏற்றி இறக்குங்கள்; செலார், தம்பான், கெம்போங் வரிசையாகத் தொங்கும். உயிரோடு வைத்திருங்கள், கையால் அழுத்திப் பிடிக்காதீர்கள். இந்த அரை மணி நேரம் சலிப்பாக இருக்கும். ஆனால் பெரிய ஜெனாஹாக் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் செலாரால்தான். கொண்டுவந்த கணவாய்த் துண்டு, இரை செத்தபின் வேண்டிய மாற்று.

கப்பலின் இடத்துக்கு வந்ததும் தெக்கோங் சுற்றிச் சுற்றி வருவார். எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பிக் கடலடியைக் காட்டும் கருவி) திரையில் சமதரைக் கோட்டிலிருந்து ஒரு மேடு எழும், அதுதான் கப்பல். மேட்டுக்கு மேலே புள்ளிகளும் புகைபோலக் கறைகளும் தெரிந்தால் மீன். எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், அந்தச் சமயத்தில் கேள்வி மட்டும் கேட்காதீர்கள். அவர் காற்றையும் ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நங்கூரத்தைக் கப்பலின் மேலேயே போட்டால் அது மாட்டிக்கொள்ளும். ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் போட்டு, கயிற்றை விட்டு விட்டு, படகின் பின்பக்கம் கப்பலின் விளிம்புக்கு மேல் வருமாறு நிறுத்துவார். தண்ணீர் திரும்பியதும், முளையில் கட்டிய மாடு போலப் படகு சுற்றி மறுபக்கம் போய்விடும். அப்போது மீண்டும் நங்கூரத்தை எடுத்துப் போடவேண்டும். அந்த இடைவேளையில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், கடிக்கும் நேரத்தில் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

"துருன்" என்றதும் நூலை விடுங்கள். ரீலின் மேல் விரலை லேசாக வைத்தபடி விடவேண்டும், இல்லையென்றால் குண்டு தரையில் பட்டபிறகும் நூல் ஓடிக்கொண்டே இருக்கும். தரையைத் தொட்டதும் ஒரு தட்டு தெரியும், நூல் தளரும். உடனே நான்கைந்து சுற்றுச் சுருட்டுங்கள். இதுதான் புதியவர் பழகவேண்டிய முதல் விஷயம்: குண்டைக் கீழே படுக்கவிட்டால் அடுத்த நிமிடம் "சங்குட்". கப்பலில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். சற்றே மேலே, ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் இரை தொங்கினால் மாட்டாது, மீனுக்கும் தெரியும்.

கெராப்புவும் ஜெனாஹாக்கும் கடித்ததும் கப்பலின் பொந்துக்குள் திரும்பப் பாயும். உங்களுக்கு இருப்பது முதல் சில வினாடிகள். ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் பிடியை) முன்பே நன்றாக இறுக்கி வைத்திருக்கவேண்டும். பொதுவாக நூலின் தாங்கு திறனில் மூன்றில் ஒரு பங்கு என்பார்கள். கப்பலின் மேல் அதைவிடச் சற்றுக் கூட்டியே வைப்பது என் வழக்கம். முதல் ஐந்து மீட்டர் மேலே ஏற்றும் வரை விட்டுக்கொடுக்காதீர்கள். அதன்பிறகு டிராக்கைக் கொஞ்சம் தளர்த்தி நிதானமாக ஏற்றலாம். தெங்கிரிக்கு இது தலைகீழ். அது நடுநீரில் கடித்துவிட்டு நேராக ஓடும், ஓடவிட்டுத்தான் பிடிக்கவேண்டும். இறுக்கினால் அறுத்துக்கொண்டு போய்விடும். அதன் பல்லுக்கு நைலான் தாங்காது, மெல்லிய கம்பி பெரம்புட் தேவை.

மாட்டிக்கொண்டால் கோலை வளைத்து இழுக்காதீர்கள், கோல் முறியும். கோலை நூலின் திசைக்கு நேராக நீட்டி, நூலைத் தடித்த துணி சுற்றிய ஒரு கட்டையிலோ படகின் கட்டுமுளையிலோ இரண்டு சுற்று சுற்றி, படகின் அசைவே அறுக்கும்படி விடுங்கள். பின்னல் நூலை வெறும் கையில் சுற்றி இழுப்பவரின் விரல் எலும்பு வரை வெட்டுப்படும். ஜெட்டி நல்ல தூரத்தில் இருக்கிறது.

மேற்கே வானம் கருத்து, காற்று திடீரென்று குளிர்ந்தால் தெக்கோங் சொல்லும்வரை காத்திருக்காமல் சுருட்டத் தொடங்குங்கள். கார்பன் கோல்களைப் படுக்க வையுங்கள், அவை மின்னலை வா என்று கூப்பிடும். உயிர்காப்புச் சட்டை உட்கார்ந்திருக்கும் மெத்தையாக இருந்தால் இப்போதாவது போட்டுக்கொள்ளுங்கள். உண்மையில் படகு கிளம்பியதிலிருந்தே உடம்பில் இருக்கவேண்டிய பொருள் அது.

மேலே வந்த பிறகு

40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் ஐந்து மடங்கு. அங்கிருந்து ஏற்றும்போது மீனின் காற்றுப்பையிலுள்ள வாயு ஐந்து மடங்காக விரியும். அதனால்தான் ஜெனாஹாக்கின் வயிறு வாய்வழியே பிதுங்கி வருகிறது. அப்படி வந்த மீனைச் சும்மா தண்ணீரில் விட்டால் அது மூழ்க முடியாமல் மிதந்து சாகும். ஆகவே "சின்னதை விட்டுவிடலாம்" என்று ஆழ்கடலில் சொல்வதில் பெரிய அர்த்தமில்லை. வீட்டுக்கும் சொந்தக்காரருக்கும் போதுமான அளவு சேர்ந்ததும் தூண்டிலை எடுத்துவிடுவதுதான் முறை. கப்பல் சின்னது, கெராப்பு மெதுவாக வளர்வது. ஒரே இடத்தை ஒரே மாதத்தில் பலமுறை வழித்தெடுத்தால் அடுத்த வருடம் திரையில் இரும்பு மட்டும்தான் தெரியும்.

கொல்லவேண்டிய மீனைத் துள்ளவிடாமல் உடனே கண்ணுக்குப் பின்னால் குத்தி, செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த தோங்கில் போடுங்கள். வெறும் ஐஸின் மேல் கிடத்துவதைவிட இது வேகமாகக் குளிர்விக்கும். தெங்கிரி, கெம்போங் வகைகளை வெயிலில் ஒரு மணி நேரம் விட்டாலே ஹிஸ்டமின் உருவாகத் தொடங்கும். சமைத்தாலும் அது போகாது, தின்றவருக்கு முகம் சிவந்து தலை வலிக்கும்.

தொடக்கூடாதவையும் மேலே வரும். செம்பிலாங் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷமுள்கள். திருக்கைக்கு வாலில். சிங்கமீனுக்கு முதுகிலும் வயிற்றுப் பக்கத் துடுப்புகளிலும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்தால் வலி தணியும். பிறகு கரைக்கு வந்து மருத்துவரைப் பாருங்கள், முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். அதனால் படகில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் காப்பிக்கு மட்டும் அல்ல. கடற்பாம்பு மாட்டினால் எட்டத்திலேயே நூலை வெட்டிவிடுங்கள். ஆமை, திமிங்கலச் சுறா வந்தால் நூலை முடிந்தவரை வாய்க்குப் பக்கத்தில் வெட்டி விட்டுவிடுங்கள், இரண்டுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஊதிப் பெருக்கும் பேத்தை மீனை யார் என்ன சமையல் குறிப்புச் சொன்னாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

ஜெட்டிக்கு வந்ததும் பங்கு பிரிப்பதில் சண்டை வரும். யார் பிடித்தது யாருக்கு, அல்லது எல்லாம் சேர்த்துச் சமமாக என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். புதியவர்கள் கூடப் போகும் பயணத்தில் சமமாகப் பிரிப்பதே நல்லது. மயக்கத்தில் படுத்துக் கிடந்தவரும் படகுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். தெக்கோங்குக்கும் அவருடைய பையனுக்கும் சமைக்க ஒரு நல்ல மீனை எடுத்து வைத்துவிட்டுப் பிரியுங்கள். அடுத்த முறை நல்ல இடத்தில் நிறுத்துவார்.

வீட்டுக்கு வந்ததும் ரீலின் டிராக் குமிழை இறுக்கி, குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். காரைக் கழுவும் அழுத்தக் குழாய் வேண்டாம், உப்பை உள்ளே தள்ளிவிடும். துடைத்து, டிராக்கைத் திரும்பத் தளர்த்தி, நிழலில் காயவையுங்கள். கொக்கிகளையும் ஜிக்குகளையும் நன்னீரில் ஊறவைத்து எடுங்கள். இறகுக் கொக்கிகளைப் பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் மாட்டுங்கள். மீனைச் செதில் எடுத்துச் சுத்தம் செய்யும் வேலை அன்றைக்கே முடியவேண்டும். ஜெனாஹாக் தலையைத் தனியாக எடுத்து வையுங்கள், குழம்புக்கு அதைவிடச் சதைப்பற்றுள்ள தலை இந்தக் கடலில் குறைவு.